ஐயாவின் தொலைக்காட்சி

சென்ற மாதம் லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். கொக்குவிலில் தனித்து வாழும் தாயாருக்கு 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அண்மையில்தான் திரும்பியிருக்கிறார். அந்த வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்றும் சும்மா கிடக்கிறதாம்.

"இரண்டையும் பூட்டிவிட்டால் அம்மா பெரிய எழுத்திலை பேப்பர் வாசிப்பாவோ?" என்று கேட்டார்.

"வாசிப்பா. ஒரு வயர் போதும். ஆனால் வயரோடை இன்னொரு சாமானும் வேணும்" என்றேன்.

"அது என்ன சாமான்?"

"அதைப் போனிலை சொல்லேலாது. எழுதிறன்."

அந்த வாக்கைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன். மின்னியலுக்கும் எனக்கும் உள்ள உறவு ஆளியைப் போடுவதோடு முடிந்துவிடுவது. பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, நேரே பத்திரிகைக் கந்தோருக்குள் நுழைந்தவன் நான். என்றாலும், வீட்டுக் கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தும் இந்த ஒரு வித்தையை மட்டும் நன்றாகக் கற்றேன். கற்க வைத்தவை ஒரு முதியவரின் கண்கள்.

1995 இல் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தபோது, ஒப்புநோக்காளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் 'ஐயா' என்றே அழைத்தார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். ஈய எழுத்துக்களின் காலத்திலிருந்து அந்த மேசையில் இருந்தவர் அவர். எங்கள் பட்டங்களுக்கு அந்த மேசையில் மதிப்பில்லை. 'ன', 'ண' மயங்கினாலும், 'ர', 'ற' மாறினாலும், வல்லின ஒற்று ஒன்று விழுந்துபோனாலும் சிவப்புப் பேனை அங்கே வந்து நின்றுவிடும். அவர் ஒருபோதும் ஏசியதில்லை. எழுதியவரைத் தன்னிடம் அழைத்து, பிழையான சொல்லின் மேல் விரலை வைத்துவிட்டு மௌனமாக இருப்பார். பிழையை நாமே கண்டுபிடிக்கும் வரையில் விரல் அங்கிருந்து நகராது.

செய்திகளையும் ஆசிரிய தலையங்கத்தையும் விட மரண அறிவித்தல்களையே அவர் கூடிய கவனத்துடன் வாசிப்பார். ஒருநாள் அதற்குக் காரணம் கேட்டேன்.

"செய்தியிலை பிழை வந்தால் நாளைக்குத் திருத்தம் போடலாம் தம்பி. செத்தவீட்டுக்காரருக்குப் பிறகு திருத்தம் போட்டு என்ன பிரயோசனம்?" என்றார்.

2004 இல் ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் மனைவியுடன் வாடகை வீட்டில் இருந்தார். ஒரே மகள் ரொறன்ரோவில். ஓய்வுபெற்ற பின்னரும் காலையில் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளை வாங்கிச் சிவப்புப் பேனையுடன் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. எனது கட்டுரை வெளிவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன்னர் எனது தொலைபேசி ஒலிக்கும். பாராட்டு இராது. பக்கம், பத்தி, வரி, பிழை. அவ்வளவுதான்.

2009 இன் இறுதியில் அந்த அழைப்புகள் குறையத் தொடங்கின. ஒருநாள் நேரில் போனேன். விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்துவருவதாகக் கண் வைத்தியர் கூறியிருந்தார். முதுமையில் பலருக்கு வரும் நோய் இது. பார்வை முழுவதும் போய்விடுவதில்லை. ஓரங்களில் உள்ளவை தெரியும். நேரே பார்க்கும் இடம்தான் மறையும். எழுத்தை உற்றுநோக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவுவது அந்த நடுப்பகுதியே. ஐயாவின் வலது கண்ணில் அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இடது கண்ணில் பாதி மிஞ்சியிருந்தது.

"பக்கம் தெரியுது. பத்தி தெரியுது. நான் பார்க்கிற சொல்லை மாத்திரம் காணேல்லை தம்பி" என்றார்.

வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்த மனிதர் சொன்ன வார்த்தைகள் இவை. எனக்கு மறுமொழி வரவில்லை.

பூதக்கண்ணாடி பயன்படவில்லை. கை நடுங்கும், ஒரு தடவைக்கு இரண்டு எழுத்துக்கள்தான் அகப்படும். மனைவி உரத்து வாசித்துக் காட்டினார். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, அவருக்கு அது ஒப்பவில்லை. "காதுக்கு 'ன'வும் 'ண'வும் ஒண்டுதான் தம்பி. கேக்கிறது வாசிக்கிறதாகாது" என்றார்.

அன்று வீடு திரும்பும்போதுதான் தொலைக்காட்சியின் நினைவு வந்தது. அது எனது சொந்தச் சரக்கன்று. அமெரிக்காவில் ரான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சாமுவேல் ஜெனென்ஸ்கி என்ற கணிதவியலாளரைப் பற்றி முன்னர் வாசித்திருந்தேன். அவர் தாமே பெருமளவு பார்வை இழந்தவர். 1960களின் இறுதியில் அவரும் அவருடைய சகாக்களும், புத்தகத்தின் மீது ஒரு கமராவைத் திருப்பிவைத்து, அது காணும் எழுத்தைத் தொலைக்காட்சித் திரையில் பன்மடங்கு பெருப்பித்துக் காட்டும் கருவியொன்றை உருவாக்கினார்கள். அந்தக் கருவியின் விலை எங்கள் கைக்கு எட்டாது. ஆனால் பத்திரிகைகள் இணையத்துக்கு வந்துவிட்டிருந்தன. எழுத்து ஏற்கெனவே கணினிக்குள் இருக்கும்போது கமரா எதற்கு? கணினியையே தொலைக்காட்சியில் பூட்டிவிட்டால் என்ன?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுக் கணினி பிறந்ததே தொலைக்காட்சியின் மடியில்தான். 1977 இல் வந்த அப்பிள் 2, 1982 இல் வந்த சின்கிளயர் ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டில் வந்த கொமடோர் 64 ஆகியவற்றை வாங்கியோரில் மிகப் பலர் வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாக வைத்துக்கொண்டார்கள். கணினி தனது படத்தை ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தைப் போல வானலைக் குறிப்பாக மாற்றி, அன்ரனா வயர் செருகும் துளை வழியாகவே பெட்டிக்குள் அனுப்பும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ரி.வி.யும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, விடியவிடியப் படம் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல. டெக்கிலிருந்து வரும் வயரை அன்ரனாத் துளையில் செருகி, வெறுமையாக இரைந்துகொண்டிருக்கும் ஓர் அலைவரிசையில் குமிழைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிப்பார்கள். அதே வித்தைதான். எங்கள் நாட்டில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய 1982 இல், வேறு நாடுகளில் சிறுவர்கள் தொலைக்காட்சியில் கணினியைப் பூட்டி விளையாடத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கணினிகளின் திரையில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்துகள் கொள்ளும் தெரியுமா? கொமடோரில் 40. ஸ்பெக்ட்ரத்தில் 32 மட்டுமே. சாதாரணத் தொலைக்காட்சியில் அதற்கு மேல் நெருக்கினால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தொலைக்காட்சி, அதன் பெயர் சொல்வது போலவே, தொலைவிலிருந்து காண்பதற்குச் செய்யப்பட்டது, வாசிப்பதற்குச் செய்யப்பட்டதன்று. ஆகவேதான் கந்தோர் வேலைக்கு வந்த கணினிகள் தமக்கெனத் தனித் திரையைத் தேடிக்கொண்டு பிரிந்து போயின.

இந்தப் பிரிவினை எதற்காக நடந்தது என்பதை 2010 இல் ஒரு சனிக்கிழமை எனது காசிலும் ஐயாவின் கண்களிலும் கற்றுக்கொண்டேன். எனது பழைய கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அதில் எஸ்-வீடியோ எனப்படும் சிறிய வட்டத் துளை இருந்தது. ஐயாவின் வீட்டில் இருந்தது 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி. முதுகு பெருத்த பழைய வகை. வயரைச் செருகியதும் படம் வந்தது. அம்மா தேநீர் கொண்டுவந்தார். நான் ஒரு பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து எழுத்தைப் பெருப்பித்தேன்.

"தெரியுதோ ஐயா?"

"தெரியுது. ஆனால் வாசிக்கேலாது."

நெருங்கிப் பார்த்தபோது எனக்கும் விளங்கியது. எழுத்துக்கள் நடுங்கின. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி பி.ஏ.எல். முறையிலானது. 625 கோடுகளில் படமாகத் தெரிவது 576 கோடுகள்தான். அவையும் ஒரே தடவையில் வரையப்படுவதில்லை. ஒன்றுவிட்ட கோடுகள் ஒரு தடவை, எஞ்சியவை மறுதடவை என்று செக்கனுக்கு 50 தடவைகள் மாறி மாறி வரையப்படும். ஆகவே ஒரு குறித்த கோடு செக்கனுக்கு 25 தடவைகள்தான் ஒளிரும். நடிகர்களின் முகங்களில் இது தெரியாது. எட்டடி தள்ளியிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. ஆனால் ஓர் எழுத்தின் கிடைக்கோடு இருக்கிறதே, 'ட'வின் அடிக்கோடு போல, அது துடிதுடித்துக்கொண்டே இருக்கும். ஒற்றின் மேலுள்ள புள்ளி பறக்க எத்தனிக்கும் பூச்சியைப் போல நிற்கும். ஐயாவோ எட்டடியில் அல்ல, இரண்டரை அடியில் இருந்து பார்க்க வேண்டியவர்.

போதாக்குறைக்கு, பழைய பெட்டிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சட்டத்துக்குப் பின்னால் சற்றே மறைத்துவிடும். ஒளிபரப்பில் அதனால் பெரிய நட்டமில்லை. வாசிப்பவருக்கோ ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் போய்விடும். அன்று திரையில் நான் முதலில் திறந்த தலைப்பில் 'அரசு' என்ற சொல் 'ரசு' என்று நின்றது. ஐயா பத்து நிமிடம் பொறுமையாக இருந்தார். பின்னர் கண்களை மூடிக்கொண்டு, "நீர் கஷ்டப்பட்டது போதும் தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றார். கணினியைத் திரும்பக் கொண்டுபோக மனம் வரவில்லை. அங்கேயே ஒரு மூலையில் துணி போட்டு மூடிவைத்துவிட்டு வந்தேன்.

மறு ஆண்டு ரொறன்ரோவிலிருந்து மகள் வந்தபோது, பெற்றோருக்கு 32 அங்குலத் தட்டைத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன். நீல நிற வயர் செருகும் துளை இருந்தது. மூன்று வரிசைகளில் 15 ஊசிகள் கொள்வது. கணினித் திரைகளுக்கென 1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. துளை, தொலைக்காட்சியின் முதுகிலேயே இருந்தது. பிரிந்து போனவர்கள் மீண்டும் ஒரு கூரையின் கீழ் வந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

தட்டைத் திரையில் கோடு கோடாக வரையும் வேலை இல்லை. நிலையான நுண்புள்ளிகளால் ஆனது அது. அதில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அதற்கு நிகராகக் கணினியின் அளவையும் அமைத்துவிட்டால், ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளியாக எழுத்து அசையாமல் நிற்கும். அளவு பொருந்தாவிட்டால் பெட்டி தானாக இழுத்தும் சுருக்கியும் நிரப்பும், எழுத்து மங்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வேறு சிலவற்றையும் கண்டுகொண்டேன். கடையிலிருந்து வரும்போது தொலைக்காட்சியில் கூர்மை மிகைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும். அது எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் போடும். அதை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கடையின் பெயர்ப்பலகை போல அது எரியத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்ற வழக்கத்தைக் கைவிட்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை வைத்தோம். ஐயாவின் கண் கூச்சம் அதனால் குறைந்தது.

இனிக் கணக்கைப் பாருங்கள். பத்திரிகையின் எழுத்து ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் உயரமானது. அதை ஒன்றேகால் அடி தூரத்தில் பிடித்து வாசிக்கிறோம். திரையில் ஓர் எழுத்தை நான்கு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பெருப்பித்தால் அது 20 மடங்கு. பார்ப்பவர் இரு மடங்கு தூரத்தில், இரண்டரை அடியில் இருப்பதனால் கண்ணுக்குள் விழுவது 10 மடங்கு. அந்த அளவில் ஒரு வரிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்கள்தான் கொள்ளும். முழுத் திரையிலும் ஏழெட்டு வரிகள். கண்ணின் நடுவில் உள்ள கறை முன்பு முழுச் சொல்லை விழுங்கியது. இப்போது அதனால் ஓர் எழுத்தைத்தான் விழுங்க முடிந்தது. எஞ்சிய எழுத்துக்களைக் கொண்டு சொல்லைப் பிடித்துவிடலாம். அந்த வேலையில் அவருக்கு முப்பது வருடத்துக்கும் மேலான அனுபவம் இருந்ததே!

அன்று அவர் முதலில் வாசித்தது மரண அறிவித்தல்களை. இருபது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. எலியின் சில்லை ஒரு விரலால் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இருக்கையை இன்னும் அரையடி முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். 'ற்' இருக்க வேண்டிய இடத்தில் 'ர்' இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னர் எனது தொலைபேசி ஒலித்தது.

2014 இல் அவர்கள் வெள்ளவத்தை வீட்டை விட்டுச் சுன்னாகத்தில் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். தொலைக்காட்சியும் கணினியும் லொறியில் போயின. நான் போய்ப் பூட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். 2016 இல் பழைய கணினி மூச்சை விட்டபோது மகள் ஒரு மடிக்கணினி அனுப்பினார். அதில் நீல வயருக்கு இடமில்லை. எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான முனை வந்துவிட்டிருந்தது. படத்தோடு ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோகும் ஏற்பாடு அது. வெள்ளிக்கிழமைகளில் மகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் திரையில் வந்து பேசுவார்கள். மையப்பார்வை போனவருக்கு முகங்களும் மறைந்துவிடும் என்று சொன்னேனல்லவா? பேத்தியின் முகம் ஒரு முழம் அகலத்துக்கு வந்தபோதுதான் அவளுக்குக் கன்னத்தில் குழி விழுவது தெரியவந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பத்திரிகைகள் வீடுகளுக்குப் போக வழியின்றி, சில நாளிதழ்கள் அச்சை நிறுத்தி மின்னிதழாக மட்டும் வெளிவந்தன. எங்களுடைய வாசகர்கள் பலர் கைத்தொலைபேசியில் பக்கத்தைப் பெருப்பிக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். ஐயாவுக்கு ஒரு மாற்றமுமில்லை. ஒன்பது வருடங்களாக அவர் அப்படித்தானே வாசித்துக்கொண்டிருந்தார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம்.

2022 ஐ இலங்கையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெப்ரவரியிலிருந்து மின்வெட்டு, மார்ச் இறுதியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அச்சுத் தாள் தட்டுப்பாட்டினால் அந்த மார்ச்சில் கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் அச்சை இடைநிறுத்தின. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. கொழும்பிலிருந்து சுன்னாகம் போவது, வேறொரு நாட்டுக்குப் போவதைப் போலாகிவிட்டது. ஐயாவோடு தொலைபேசியில் மட்டும் பேசினேன். "எப்படி ஐயா?" "இருக்கிறம் தம்பி." "வாசிக்கிறீங்களோ?" "ஓம், கரண்ட் இருக்கேக்கை." அதற்கு மேல் பேச்சு விலைவாசிக்குப் போய்விடும்.

அந்த ஓகஸ்ட் மாதத்தின் இறுதியில்தான் போக முடிந்தது. முன்விறாந்தையில் சாய்கதிரையில் கண்களை மூடிக்கொண்டு இருந்தார். உள்ளே தொலைக்காட்சியில் அம்மா தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடிக்கணினி தூசி படிந்து கிடந்தது.

"கம்பியூட்டர் பழுதாப் போச்சுது தம்பி" என்றார் அம்மா. "ஏப்ரல் கடைசியிலை கரண்ட் போய்ப்போய் வந்ததிலை எரிஞ்சுபோச்சுதாக்கும்."

மடிக்கணினியைத் திறந்து ஆளியைப் போட்டேன். அதன் சிறிய திரையில் எல்லாம் ஒழுங்காக வந்தன. வயரைப் பார்த்தேன், இருந்த இடத்தில் இருந்தது. தொலையியக்கியை எடுத்து, பெட்டி எந்தத் துளையிலிருந்து படத்தை எடுக்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தது. ஏப்ரல் மாதத்துப் பத்திரிகை. அவர் விட்ட இடத்திலேயே நின்றது.

விசாரித்தபோது விளங்கியது. ஏப்ரலில், செய்மதித் தொலைக்காட்சி இணைப்புப் பூட்ட ஒரு பொடியன் வந்திருக்கிறான். தனது வேலையைச் சரியாகச் செய்து, பெட்டியைத் தனது துளைக்கு மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனில் பிழையில்லை. மின்வெட்டும் அதே நாட்களில் வந்ததால் இவர்கள் கணினி எரிந்துவிட்டதாக எண்ணிவிட்டார்கள்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை? போனிலை வாசிக்கிறன் எண்டுதானே சொன்னீங்கள்?"

"அந்த நேரம் ஆர் தம்பி பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறது? புதுசு வாங்கிற விலையும் இல்லை. உமக்கும் மகளுக்கும் ஏன் வீண் கரைச்சல் எண்டு இருந்திட்டன்."

நான்கு மாதங்கள். ஒரு பொத்தானை மூன்று தடவை அழுத்தாததனால், வாசிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் நான்கு மாதங்கள் கண்களை மூடிக்கொண்டு விறாந்தையில் இருந்திருக்கிறார்.

எனக்கு உறைத்தது அதுமட்டுமன்று. அந்த நான்கு மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அழைப்பு வரவில்லை. எனது கட்டுரைகளில் ஒரு பிழைகூட அவர் சொல்லவில்லை. நானோ, வயது போகப்போகத் தமிழைத் திருத்தமாக எழுதப் பழகிவிட்டேன் என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். பிழை பிடிப்பவர் மௌனமாக இருந்தால் பிழை இல்லை என்பது அர்த்தமல்ல, அவர் வாசிக்கவில்லை என்பதும் அர்த்தமாகலாம் என்று இருபத்தேழு வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்குத் தோன்றவில்லை.

அன்று இருக்கையில் அமர்ந்து திரையைப் பார்த்தவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இன்னும் கொஞ்சம் பெருப்பிக்க ஏலுமோ?" என்றார். நான்கு சென்ரிமீற்றர் எழுத்தை ஆறாக்கினேன். பின்னர் எட்டாக்கினேன். எட்டில்தான் பிடிபட்டது. ஒரு வரிக்கு ஒரு சொல். இடது கண்ணும் தேய்ந்துகொண்டு வந்திருந்தது. வாசித்திருக்கக்கூடிய கடைசி நல்ல மாதங்களைத்தான் அந்தப் பொத்தான் விழுங்கியிருந்தது.

நான் மூன்று நாட்கள் தங்கினேன். கடையில் வெள்ளை மட்டையும் தடித்த கறுப்புப் பேனையும் வாங்கி, ஒவ்வொரு படியையும் அம்மாவின் வார்த்தைகளிலேயே எழுதினேன். 'முதலில் ரி.வி.யைப் போடவும். பிறகு கம்பியூட்டர். படம் வராவிட்டால் மஞ்சள் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்தவும்.' தொலையியக்கியில் அந்தப் பொத்தானின் மேல் மஞ்சள் நிற நகப்பூச்சுத் தடவினேன். மட்டையைச் சுவரில் ஒட்டினேன். பின்னர் அம்மாவை இருத்தி, வேண்டுமென்றே படத்தைக் குழப்பிவிட்டு, திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாள் நான்கு தடவை. இரண்டாம் நாள் மூன்று தடவை. மூன்றாம் நாள் நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்கிடையில் அவரே குழப்பி அவரே சரிசெய்து வைத்திருந்தார்.

மட்டையை ஐயா கிட்டப்போய்ப் பார்த்தார். "'முதலில்' என்பது சரி. 'அழுத்தவும்' என்றால் ஆரை அழுத்தச் சொல்லுறீர்?" என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைத்த திருத்தம்.

அதன் பின்னர் ஓராண்டுக்குச் சற்று மேலாக, ஒரு வரிக்கு ஒரு சொல்லாக, நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் அவர் வாசித்தார். முழுப் பத்திரிகையல்ல. ஆசிரிய தலையங்கமும் மரண அறிவித்தல்களும் மட்டும். 2024 இன் தொடக்கத்தில் காலமானார். மகள் அனுப்பிய அறிவித்தலை அச்சுக்குப் போகுமுன் ஒப்புநோக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனது கண்களும் இப்போது சொல்கேட்பதில்லை. ஆகவே கணினியை வீட்டுத் தொலைக்காட்சியில் பூட்டி, எழுத்தைப் பெருப்பித்து, கறுப்பில் வெள்ளையாக வைத்து, ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து மூன்று தடவை வாசித்தேன். இரண்டு ஒற்றுப் பிழைகள் இருந்தன. திருத்தினேன்.

லண்டன் நண்பருக்கு இனிச் சொல்லலாம். எச்.டி.எம்.ஐ. வயர் எந்தக் கடையிலும் வாங்கலாம், பெரிய விலையில்லை. இரண்டு கருவிகளையும் நிறுத்திவிட்டுச் செருகுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் 'முழுத்திரை' போன்ற தெரிவைத் தேடுங்கள். சில பெட்டிகளில் அந்தத் துளைக்குக் 'கணினி' என்று பெயர் சூட்டினாலே பெட்டி தனது அலங்காரங்களை நிறுத்திவிட்டு எழுத்தை உள்ளபடி காட்டும். கூர்மையைக் குறையுங்கள். தாயாரின் இருக்கையைக் கிட்டே போடுங்கள். கிட்ட இருந்து பார்த்தால் கண் பழுதாகிவிடும் என்ற பயம் வேண்டாம். தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து இரட்டிப்பாகிறது. செலவில்லாத உருப்பெருக்கி அதுதான்.

வயரோடு வேண்டிய மற்றச் சாமான் என்ன என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்து, குழப்பிக் குழப்பிக் காட்டித் தர ஒரு மனிதர், மூன்று நாட்களுக்கு. நீங்கள் வரமுடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பிடியுங்கள். பெரிய எழுத்தில் ஒரு மட்டை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை தாயாருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, "வாசிக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்காதீர்கள். "ஓம்" என்றுதான் சொல்லுவா. "இண்டைக்கு என்ன வாசிச்சனீங்கள்?" என்று கேளுங்கள்.